தளத்தைச் சாய்த்து வரையும்போது எந்தத் தோற்றத்தில் தொடங்குவது?

முதலாண்டு பொறியியல் படிக்கும் ஒருவரின் கேள்வி இது. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் புள்ளி, கோடு வரை ஓரளவு புரிகிறது. தளங்களின் புரொஜெக்‌ஷன், அதாவது ஒரு தட்டையான உருவம் மேலிருந்தும் முன்னிருந்தும் எப்படித் தெரியும் என்று வரைவது, வந்ததும் தடுமாற்றம். ஒரு கணக்கில் மேல்தோற்றத்தை முதலில் வரையச் சொல்கிறார்கள், இன்னொன்றில் முன்தோற்றத்தை. ஒரே ஐங்கோணத்தை ஏன் மூன்று தடவை வரைய வேண்டும்? கணக்கில் 30 டிகிரி என்று கொடுத்திருக்கும்போது வரைபடத்தில் ஏன் 45 டிகிரி வருகிறது?

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு விஷயம்தான். அதைப் பிடித்துக்கொண்டால் படிகளை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. ஒரு கதவை வைத்துப் பார்ப்போம்.

90 செ.மீ. அகலம், 210 செ.மீ. உயரம் உள்ள ஒரு கதவு. மூடியிருக்கும்போது அது சுவரோடு சுவராக நிற்கிறது. இப்போது 40 டிகிரி திறக்கிறீர்கள். மேலே கூரையிலிருந்து பார்த்தால் கதவு ஒரு கோடாகத்தான் தெரியும். முன்பும் 90 செ.மீ., இப்போதும் 90 செ.மீ.; திசை மட்டும் 40 டிகிரி மாறியிருக்கிறது. எதிரில் நின்று பார்த்தால் உயரம் அதே 210 செ.மீ., ஆனால் அகலம் ஏறக்குறைய 69 செ.மீ.யாகக் குறுகிவிட்டது. அதாவது 90 பெருக்கல் காஸ் 40. கதவின் கீல் தரைக்குச் செங்குத்து. அதனால் தரையில் விழும் தோற்றம் உருவம் மாறாமல் திரும்ப மட்டும் செய்தது. சுவரில் விழும் தோற்றத்தில் உயரங்கள் அப்படியே இருந்தன, அகலம் மட்டும் மாறியது.

இதுதான் விதி: எந்தத் தளத்துக்குச் செங்குத்தான அச்சைச் சுற்றித் திருப்புகிறோமோ, அந்தத் தளத்தில் விழும் தோற்றம் உருவமும் அளவும் மாறாமல் திரும்ப மட்டும் செய்யும். மற்ற தோற்றத்தில், ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தத் தளத்திலிருந்து உள்ள தூரம் மாறாது.

அடிப்படை அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்குத் தெரிந்ததுதான். கிடையாக ஒரு தளம், ஹெச்பி. செங்குத்தாக ஒரு தளம், விபி. இரண்டும் சந்திக்கும் கோடு எக்ஸ்ஒய். இந்தியாவில் நாம் பின்பற்றுவது முதல் கோண முறை. அதனால் முன்தோற்றம் எக்ஸ்ஒய்க்கு மேலே, மேல்தோற்றம் கீழே. அமெரிக்கப் புத்தகத்தையோ காணொளியையோ பார்த்துப் படித்தால் இது தலைகீழாக இருக்கும். அங்கே மூன்றாம் கோண முறை. நாம் வரையும் தளத்தை லேமினா என்கிறோம், தடிமன் இல்லாத தகடு.

இந்த முறையை ஒழுங்குபடுத்தியவர் பிரான்ஸ் நாட்டின் காஸ்பர் மோன்ஜ். மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் இருந்தபோது, கோட்டைச் சுவரை எவ்வளவு உயர்த்தினால் எதிரியின் பார்வைக்கும் குண்டுக்கும் உள்ளே இருப்பவர்கள் தப்புவார்கள் என்ற சிக்கலை, நீண்ட கணக்குப் போடாமல் வரைந்தே தீர்த்தார். அது பல ஆண்டுகள் ராணுவ ரகசியமாகவே இருந்தது. 1795-இல்தான் பாரிஸில் பொதுவில் பாடம் நடத்தினார். 1799-இல் புத்தகமாக வந்தது. ஒரு நாட்டின் ராணுவம் பூட்டி வைத்த விஷயம் இன்று முதல் செமஸ்டரில் பலரைத் தூங்கவிடாமல் செய்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். தளம் ஹெச்பிக்கு இணையாக இருந்தால் மேல்தோற்றத்தில் உண்மை உருவம், முன்தோற்றத்தில் எக்ஸ்ஒய்க்கு இணையான ஒரு கோடு. விபிக்கு இணையாக இருந்தால் இதற்கு எதிர்மாறு. இரண்டுக்கும் செங்குத்தாக இருந்தால் இரண்டு தோற்றங்களும் கோடுகள். உண்மை உருவம் பக்கத் தோற்றத்தில்தான் தெரியும். இவற்றில் யோசிக்க எதுவுமில்லை. சாய்வு வரும்போதுதான் விதி வேலைக்கு வருகிறது.

இப்போது முதல் கேள்வி: எதில் தொடங்குவது? கணக்கில் லேமினாவின் பரப்பு ஹெச்பி, விபி இரண்டில் எதோடு கோணம் செய்கிறது என்று கொடுத்திருக்கிறார்களோ, அதற்கு இணையாக லேமினாவை முதலில் படுக்க வையுங்கள். ‘பரப்பு ஹெச்பிக்கு 30 டிகிரி’ என்றால் முதலில் ஹெச்பிமேல் படுத்திருக்கிறது, உண்மை உருவம் மேல்தோற்றத்தில். ‘பரப்பு விபிக்கு 30 டிகிரி’ என்றால் விபியோடு ஒட்டி நிற்கிறது, உண்மை உருவம் முன்தோற்றத்தில். ‘விளிம்பு ஹெச்பியில் உள்ளது’, ‘மூலை விபியில் உள்ளது’ என்ற சொற்களும் பெரும்பாலும் அதே தளத்தையே காட்டும். கேள்வியில் உள்ள மற்ற எல்லாச் சொற்களையும் விட்டுவிட்டு இதை மட்டும் முதலில் தேடுங்கள்.

அடுத்தது, எப்படிப் படுக்க வைப்பது? விளிம்பில் நிற்கப்போகிறது என்றால் அந்த விளிம்பு எக்ஸ்ஒய்க்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். மூலையில் நிற்கப்போகிறது என்றால் அந்த மூலையையும் மையத்தையும் சேர்க்கும் கோடு எக்ஸ்ஒய்க்கு இணையாக இருக்க வேண்டும். ‘மூலையில் சேரும் இரண்டு பக்கங்களும் எக்ஸ்ஒய்க்குச் சம சாய்வு’ என்று புத்தகங்கள் சொல்வதும் இதைத்தான். காரணம் கதவின் கீல்தான். விளிம்பு எக்ஸ்ஒய்க்குச் செங்குத்து என்றால் அது விபிக்குச் செங்குத்து. முன்தோற்றத்தில் ஒரே புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியில் காம்பஸ் முனையை வைத்துக் கோட்டைத் தூக்கினால் சாய்த்தாயிற்று. விளிம்பை வேறு திசையில் வைத்தால் முன்தோற்றத்தில் கீல் புள்ளியாகத் தெரியாது. கொடுத்த கோணத்தை அளக்க எந்தத் தோற்றத்திலும் இடமிருக்காது.

மூன்று படிகள் ஏன், அதுவும் இதே வரிசையில் ஏன் என்ற கேள்விக்கும் இதில்தான் பதில். பொருள் இரண்டு தடவை திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அச்சு ஏதாவது ஒரு தளத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். பரப்பு ஹெச்பிக்குச் சாய்ந்த கணக்கில் முதல் திருப்பத்தின் அச்சு விபிக்குச் செங்குத்து, அதில் ஹெச்பியோடு உள்ள கோணம் வருகிறது. இரண்டாம் திருப்பத்தின் அச்சு ஹெச்பிக்குச் செங்குத்து, அதில் விபியோடு உள்ள கோணம் வருகிறது. செங்குத்து அச்சைச் சுற்றித் திருப்பும்போது எந்தப் புள்ளியின் உயரமும் மாறாது என்பதால், முதலில் கிடைத்த சாய்வு கெடாமல் அப்படியே இருக்கும். வரிசையை மாற்றி, விளிம்பை விபிக்கு 45 டிகிரி திருப்பிவிட்டு அப்புறம் சாய்க்கப் பார்த்தால் கீல் விபிக்குச் செங்குத்தாக இல்லை. முன்தோற்றம் உருவம் மாறாமல் திரும்பாது. ஆரம்ப நிலை ஒன்று, திருப்பங்கள் இரண்டு. ஆக மூன்று ஜோடித் தோற்றங்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ‘பொருளைச் சுழற்றும் முறை’ என்று வருவது இதுதான். பொருளைத் தொடாமல் புதிய துணைத் தளங்களை எழுப்பியும் இதே விடைக்கு வரலாம். ஆனால் தேர்வுக்கு அதைத் தொட வேண்டாம்.

ஒரு கணக்கை எண்களோடு போட்டுப் பார்க்கலாம். 30 மிமீ பக்கமுள்ள ஒழுங்கு ஐங்கோண லேமினா, ஒரு விளிம்பில் ஹெச்பிமேல் நிற்கிறது. பரப்பு ஹெச்பிக்கு 30 டிகிரி. அந்த விளிம்பு விபிக்கு 45 டிகிரி.

மூலைகளுக்கு அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர். அஆ என்பது தரையில் நிற்கும் விளிம்பு, ஈ அதற்கு எதிரே உள்ள உச்சி. முதல் நிலையில் எக்ஸ்ஒய்க்குக் கீழே உண்மையான ஐங்கோணத்தை வரையுங்கள், அஆ எக்ஸ்ஒய்க்குச் செங்குத்தாக, இடப்பக்கம் இருக்கட்டும். மேலே செங்குத்துக் கோடுகள் இழுத்தால் முன்தோற்றம் எக்ஸ்ஒய் மேலேயே ஒரு கோடாக விழும். அதில் அஆ ஒரே புள்ளி. அங்கிருந்து 28.5 மிமீ தூரத்தில் இ, உ இரண்டும் ஒன்றாக, 46.2 மிமீ தூரத்தில் ஈ. இங்கேயே ஸ்கேலை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐங்கோணமே தவறாக வரைந்திருந்தால் மேலே போவதில் பயனில்லை.

இரண்டாம் நிலை. அந்த 46.2 மிமீ கோட்டை அப்படியே எடுத்து, அஆ புள்ளி எக்ஸ்ஒய் மேலேயே இருக்க, 30 டிகிரிக்குத் தூக்குங்கள். நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறக் கூடாது. இ, உ 14.3 மிமீ உயரத்துக்கும், ஈ 23.1 மிமீ உயரத்துக்கும் வரும். இப்போது இந்த முன்தோற்றத்திலிருந்து கீழே செங்குத்துக் கோடுகள், முதல் நிலையின் மேல்தோற்றத்திலிருந்து வலப்பக்கம் கிடைக்கோடுகள். அவை வெட்டும் இடங்கள்தான் புதிய மேல்தோற்றத்தின் மூலைகள். விளிம்பின் 30 மிமீ அப்படியே இருக்கும். இஉ இடையிலான 48.5 மிமீயும் மாறாது. குறுக்கில் மட்டும் 46.2 மிமீ இருந்தது 40 மிமீயாகச் சுருங்கும். ஐங்கோணம் ஒரு பக்கமாக நசுங்கினாற்போல் தெரியும்.

மூன்றாம் நிலை. நசுங்கிய அந்த ஐங்கோணத்தை அப்படியே பெயர்த்தெடுத்து, அஆ எக்ஸ்ஒய்க்கு 45 டிகிரி செய்யும்படி திரும்ப வரையுங்கள். காம்பஸால் பக்கங்களையும் மூலைவிட்டங்களையும் எடுத்து மாற்றினால் துல்லியமாக வரும்; கண்ணளவில் மாற்றினால் கட்டாயம் பிசகும். பிறகு இங்கிருந்து மேலே செங்குத்துக் கோடுகள், இரண்டாம் நிலையின் முன்தோற்றத்திலிருந்து கிடைக்கோடுகள். அ, ஆ எக்ஸ்ஒய் மேல், இ, உ 14.3 மிமீ உயரத்தில், ஈ 23.1 மிமீ உயரத்தில். சரிவு வலப்பக்கம் போகும்படி வைத்தால், முன்தோற்றத்தில் அ-விலிருந்து கிடையாக ஆ 21.2 மிமீ, இ 45.2 மிமீ, ஈ 38.9 மிமீ, உ 10.9 மிமீ. மறுபக்கம் திருப்பியிருந்தால் இதன் கண்ணாடிப் பிம்பம் வரும். அதுவும் சரியான விடைதான்.

விளிம்பின் 45 டிகிரியை இங்கே ஏன் நேரடியாக வைக்க முடிந்தது? அஆ தரையில் கிடக்கிறது. ஹெச்பிக்கு இணையான கோடு மேல்தோற்றத்தில் உண்மை நீளத்தில் தெரியும், அது விபியோடு செய்யும் உண்மைக் கோணமும் அங்கேயே தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது கேள்விக்கு இதுதான் சாவி.

வரைந்தது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு, பெரும்பாலான புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. ஒரு தளத்தின் தோற்றத்தின் பரப்பளவு, உண்மைப் பரப்பளவைச் சாய்வுக் கோணத்தின் காஸால் பெருக்கியது. நம் ஐங்கோணம் ஏறக்குறைய 1548 சதுர மிமீ. மேல்தோற்றம் 1341 வர வேண்டும். மேலே கொடுத்த ஆயங்களை வைத்து முன்தோற்றத்தைக் கணக்கிட்டால் 547 வருகிறது. 547-ஐ 1548-ஆல் வகுத்தால் 0.3536, அதற்குரிய கோணம் 69.3 டிகிரி. இந்தப் பரப்பு விபிக்கு 69.3 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், கணக்கில் யாரும் அதைக் கேட்காவிட்டாலும்.

30-உம் 69.3-உம் கூட்டினால் 90-ஐத் தாண்டுகிறது, கவனித்தீர்களா? ஒரு தளம் ஹெச்பியோடும் விபியோடும் செய்யும் கோணங்களின் கூட்டுத்தொகை ஒருபோதும் 90-க்குக் கீழே போகாது. கோட்டுக்கு இதற்கு நேர்மாறு: கூட்டுத்தொகை 90-ஐத் தாண்டவே தாண்டாது. தளத்துக்குச் செங்குத்தாக ஒரு குச்சியை நட்டுப் பார்த்தால் இது புரியும். தளம் ஹெச்பிக்கு 30 டிகிரி என்றால் குச்சி 60 டிகிரி. கோட்டின் விதி குச்சியைக் கட்டுப்படுத்துகிறது, அதனால் தளத்துக்கு எதிர் விதி வந்துவிடுகிறது. ‘பரப்பு ஹெச்பிக்கு 40 டிகிரி, விபிக்கு 30 டிகிரி’ என்று ஒரு கணக்கு வந்தால், அப்படி ஒரு தளமே இருக்க முடியாது. அது விளிம்பின் கோணமா, பரப்பின் கோணமா என்று திரும்ப ஒரு தடவை வாசியுங்கள்.

இப்போது மூன்றாவது கேள்வி. இது வட்டத்தில்தான் அதிகம் வரும். 50 மிமீ விட்டமுள்ள வட்டத் தகடு, பரிதியில் ஒரு புள்ளியில் ஹெச்பிமேல் நிற்கிறது. பரப்பு ஹெச்பிக்கு 45 டிகிரி. நிற்கும் புள்ளி வழியாகச் செல்லும் விட்டம் விபிக்கு 30 டிகிரி.

முதல் இரண்டு நிலைகள் ஐங்கோணம் போலத்தான். வட்டத்துக்கு மூலைகள் இல்லாததால் 12 சம பாகங்களாகப் பிரித்து 12 புள்ளிகள் வைத்துக்கொள்கிறோம். 8 வைத்தாலும் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் வளைவின் முனைகளில் 12 நன்றாக வழிகாட்டும். இரண்டாம் நிலையில் மேல்தோற்றம் நீள்வட்டம்: பெரிய அச்சு 50 மிமீ, சிறிய அச்சு 35.4 மிமீ. அந்தச் சிறிய அச்சுதான் நிற்கும் புள்ளி வழியான விட்டத்தின் மேல்தோற்றம்.

மூன்றாம் நிலையில் பலர் அந்தச் சிறிய அச்சை எக்ஸ்ஒய்க்கு 30 டிகிரியில் வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தவறு. ஐங்கோணத்தின் விளிம்பு தரையில் கிடந்தது. இந்த விட்டமோ 45 டிகிரியில் தூக்கி நிற்கிறது. ஹெச்பிக்கும் சாய்ந்து விபிக்கும் சாய்ந்திருக்கும் கோட்டின் உண்மைக் கோணம் எந்தத் தோற்றத்திலும் நேரடியாகத் தெரியாது. மேல்தோற்றத்தில் தெரிவது தோற்றக் கோணம், அது எப்போதும் உண்மைக் கோணத்தைவிடப் பெரியது. கணக்கு இப்படி: தோற்றக் கோணத்தின் சைன் என்பது சைன் 30 வகுத்தல் காஸ் 45, அதாவது 0.5 வகுத்தல் 0.7071, விடை 0.7071. தோற்றக் கோணம் 45 டிகிரி. நீங்கள் கேட்ட 45 இங்கிருந்துதான் வருகிறது.

தேர்வில் கால்குலேட்டர் இல்லாமல் வரைந்தே கண்டுபிடிக்கலாம், அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். நிற்கும் புள்ளியின் மேல்தோற்றத்திலிருந்து 50 மிமீ உண்மை நீளத்தை எக்ஸ்ஒய்க்கு 30 டிகிரியில் வரையுங்கள். அதன் மறுமுனை வழியாக எக்ஸ்ஒய்க்கு இணையாக ஒரு கோடு. பிறகு அதே தொடக்கப் புள்ளியிலிருந்து 35.4 மிமீ ஆரம் எடுத்து அந்த இணைகோட்டை வெட்டுங்கள். வெட்டும் புள்ளியைத் தொடக்கப் புள்ளியோடு சேர்த்தால் அதுதான் நீள்வட்டத்தின் சிறிய அச்சு நிற்க வேண்டிய திசை. கோடுகளின் பாடத்தில் செய்த அதே லோகஸ் வேலை, அதாவது முனை நகரும் பாதையை வரைந்து வெட்டுவது. அங்கே அரைகுறையாக விட்டவர்கள் இங்கே வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வியின் சொற்களில் கண் வையுங்கள். ‘விட்டம் விபிக்கு 30 டிகிரி’ என்றால் உண்மைக் கோணம், மேலே சொன்ன வேலை வேண்டும். ‘விட்டத்தின் மேல்தோற்றம் எக்ஸ்ஒய்க்கு 30 டிகிரி’ என்றால் 30-ஐ அப்படியே வைத்துவிடலாம். ‘மேல்தோற்றம்’ என்ற ஒரே சொல் விடையை மாற்றிவிடும். உண்மைக் கோணம் கேட்ட கணக்கில் 30-ஐ நேரடியாக வைத்தால், நீங்கள் வரைந்த விட்டம் உண்மையில் விபிக்கு 20.7 டிகிரிதான் சாய்ந்திருக்கும்.

வட்டத்துக்கும் ஒரு சோதனை உண்டு. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நீள்வட்டத்தின் பெரிய அச்சு அந்த 50 மிமீயாகத்தான் இருக்கும், ஏனென்றால் எந்தத் தளத்துக்கும் இணையாக ஒரு விட்டம் வட்டத்தில் இருந்தே தீரும். இந்தக் கணக்கில் இறுதி முன்தோற்றம் 50-க்கு 25 மிமீ நீள்வட்டம், உச்சி எக்ஸ்ஒய்யிலிருந்து 35.4 மிமீ உயரத்தில். உங்கள் முன்தோற்றத்தில் மிக நீண்ட அளவு 46 அல்லது 54 வந்தால் எங்கோ ஒரு புள்ளி இடம் மாறியிருக்கிறது. பெரும்பாலும் 12 புள்ளிகளின் எண்கள் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும்போது குழம்பியிருக்கும்.

விடைத்தாள்களில் அடிக்கடி தெரியும் இன்னொன்று, லேமினாவுக்கு மறைகோடு போடுவது. தடிமன் இல்லாத ஒற்றைத் தகட்டில் ஒரு விளிம்பை இன்னொன்று மறைக்க வழியே இல்லை. ஐந்து பக்கங்களும் முழுக்கோடுகள்தான். திண்மங்களில் பழகிய கை இங்கேயும் புள்ளிக்கோடு போட்டுவிடுகிறது. அதேபோல், இறுதி உருவத்தை மட்டும் அழுத்தமாக வரைந்துவிட்டு கட்டுமானக் கோடுகளை ரப்பரால் அழிப்பது. அழிக்காதீர்கள், மதிப்பெண்ணில் பாதிக்குமேல் அந்த மெல்லிய கோடுகளுக்குத்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 2ஹெச் பென்சிலில் லேசாக இருந்தால் போதும்.

மனத்தில் உருவம் வரவில்லை என்றால் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை ஐங்கோணமாக வெட்டி, மூலைகளில் பெயர் எழுதி, நோட்டுப் புத்தகத்தை விரித்து ஒரு பக்கத்தை ஹெச்பியாகவும் நிமிர்த்திய பக்கத்தை விபியாகவும் வைத்துத் திருப்பிப் பாருங்கள். இதைக் குழந்தைத்தனம் என்று நினைப்பவர்கள்தான் மூன்றாம் நிலையில் சரிவை எதிர்ப்பக்கம் வரைந்துவிட்டுக் காரணம் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியாக, இதே பாடத்தைத் தலைகீழாகக் கேட்கும் ஒரு வகைக் கணக்கு. ‘80 மிமீக்கு 40 மிமீ செவ்வகத் தகடு, சிறிய விளிம்பு ஹெச்பியில் இருக்க, மேல்தோற்றம் 40 மிமீ சதுரமாகத் தெரிகிறது. பரப்பின் சாய்வு என்ன?’ இங்கே கோணம் கொடுக்கப்படவில்லை, தோற்றம் கொடுக்கப்பட்டிருக்கிறது. சிறிய விளிம்பு தரையில் கிடப்பதால் 40 மாறவில்லை. 80 மட்டும் 40 ஆகியிருக்கிறது, அதாவது பாதி. காஸ் மதிப்பு பாதியாக வரும் கோணம் 60 டிகிரி. வரைந்து காண வேண்டுமானால் இரண்டாம் நிலையின் மேல்தோற்றமாகச் சதுரத்தை வைத்துவிட்டு, முன்தோற்றத்தில் விளிம்பின் புள்ளியிலிருந்து 80 மிமீ ஆரத்தால் எதிர்ப் பக்கத்தின் செங்குத்துக் கோட்டை வெட்டுங்கள். சாய்வு தானாக அமையும்.

பட்டறையில் இந்தத் தலைகீழ் வேலைதான் அதிகம். தானியமோ சிமென்ட்டோ கொட்டும் ஹாப்பரின் சாய்ந்த பக்கத் தகட்டை வெட்ட வேண்டும். வரைபடத்தில் முன்தோற்றமும் மேல்தோற்றமும் மட்டும் இருக்கும், இரண்டிலும் அந்தத் தகடு சுருங்கித்தான் தெரியும். அதை அப்படியே அளந்து வெட்டினால் தகடு குட்டையாகிவிடும், வெல்டிங்கில் இடைவெளி விழும். அதனால் தகடு ஒற்றைக் கோடாகத் தெரியும் தோற்றத்தைத் தேடி, அங்கே சரிவின் உண்மை நீளத்தை அளந்து, கிடை விளிம்புகளின் நீளத்தை மேல்தோற்றத்திலிருந்து எடுத்து உண்மை உருவத்தை விரிக்கிறார்கள். நீங்கள் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போனீர்கள். அவர்கள் இரண்டிலிருந்து ஒன்றுக்கு வருகிறார்கள்.